மூன்று வரிக் கடிதம்

அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு டாக்டருக்கும் ஏதாவது ஒரு கருவி உண்டு. கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்கள், கத்தி பிடிக்கிறவர்கள், ஒரு சின்ன உருளையை வயிற்றில் உருட்டித் திரையைப் பார்க்கிறவர்கள். மூன்று பிள்ளைகளில் மூத்தவளான பெரியவளிடம் மட்டும் ஒன்றும் கிடையாது. ஒரு நாற்காலி, எதிரே இன்னொரு நாற்காலி, பக்கத்தில் கண் துடைக்கிற காகிதம் ஒரு பெட்டி. மாத்திரை எழுதமாட்டாள், ஊசி போடமாட்டாள். முக்கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவாள். நோயாளிகள் அவளுக்கு 'பேச்சு டாக்டர்' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

மனோதத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும், உடம்பு கெட்டவர்களின் மனசைப் பார்க்கிற வேலைக்கு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருஷம் இன்னொருவர் மேற்பார்வையில் பழகவேண்டும் என்பது விதி. எத்தனை மணி நேரம் யாரோடு பேசினாள் என்று நோட்டில் எழுதி, வாராவாரம் மேற்பார்வை பார்க்கிற மேடத்திடம் கையெழுத்து வாங்கவேண்டும். கழுத்து அட்டையில் 'பயிற்சி' என்று சிவப்பில் போட்டிருக்கும்.

"முப்பத்திநாலு வயசாச்சு, இன்னும் பயிற்சிங்கிறா. இவ பழகி முடிக்கிறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவா" என்பான் தம்பி. வீட்டில் கடைக்குட்டி அவன்தான். வாயும் அவனுக்குத்தான்.

சிறுநீரகப் பிரிவில் அவளுக்கு ஒதுக்கியிருந்தது ஐந்தாம் எண் அறை. உறவுக்காரருக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறவர்களை அங்கே தனியாக உட்காரவைத்துப் பேசவேண்டும். கூட யார் வந்திருந்தாலும் கதவுக்கு வெளியேதான். அண்ணனுக்குக் கொடுக்க வந்த ஒரு பெயின்டர், நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்போடு அவள் எதிரே உட்கார்ந்திருந்தது அந்த வருஷ மழைக்காலத்தில். அரை மணி நேரம் அண்ணனின் அருமை பெருமைகளைச் சொல்லிவிட்டு, திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நான் மாட்டேன்னு சொன்னா?"

"தாராளமாச் சொல்லலாம்."

"நீங்க சொல்லிடுவீங்க. வெளிய எங்க அண்ணி உக்காந்திருக்காங்க. உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"நீங்க மாட்டேன்னு சொன்னது இந்தக் கதவத் தாண்டாது. வெளிய ஒரு லெட்டர் மட்டும் போகும். பரிசோதனைல உங்களக் கொடையாளியா ஏத்துக்க முடியலன்னு. ஏன், எதுக்குன்னு யார் கேட்டாலும் நாங்க வாயத் திறக்கமாட்டோம். உங்க சம்சாரம் கேட்டாக்கூட."

"அப்ப எனக்கு உடம்பு ஒத்துவரலன்னு நினைச்சுக்குவாங்க?"

"நினைச்சுக்கட்டும்."

பெயின்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "நான் பாவிங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள் பெரியவள். ஏணியில் ஏறுகிற மனுஷன், மூன்று பெண் குழந்தைகள், பயம். பயப்படுவது பாவம் இல்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அவரை அனுப்பிவிட்டு மூன்று வரிக் கடிதத்தை அடித்து மேடத்தின் மேஜையில் வைத்தாள்.

அந்தக் கடிதத்தின் சாமர்த்தியமே அதுதான். நிஜமாகவே உடம்பு ஒத்துவராதவருக்கும், மனசு வராதவருக்கும் ஒரே கடிதம், எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் உடம்பு ஒத்துவராதவர்களின் கடிதம் சிறுநீரக டாக்டரின் அறையிலிருந்து நேராகப் போய்விடும், பெரியவள் கண்ணில் படாது. அவள் கையால் அடித்தவை அதுவரை ஏழு. ஏழும் ஐந்தாம் எண் அறையில் மாட்டேன் என்று அழுதவர்களுடையவை. கடிதம் என்றாலே அவளுக்கு அந்த ஏழு முகங்கள்தான்.

தம்பிக்கு அப்போது இருபத்தெட்டு. லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கி கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவன், இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் நாலு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கிடந்தான். கம்பெனிக்காரர்கள் நல்ல மாதிரி. வேலையை விட்டு அனுப்பாமல் புகார் ஃபோனில் உட்காரவைத்தார்கள்.

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க ஃபோன் பண்ணுவாங்க. பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லணும். ஆள் கிளம்பியே இருக்காது. நானும் பெரியக்கா மாதிரி பேச்சு டாக்டர் ஆயிட்டேன்" என்பான்.

வீட்டில் அம்மாவின் நாள் முழுக்க அவனுடைய வாய்க்குப் போவதைக் காவல் காப்பதிலேயே கழிந்தது. உருளைக்கிழங்கில் இருக்கிற பொட்டாசியம் ஆகாது என்று, அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஊறப்போட்டு, ஒரு தரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து மறுபடி கொட்டுவாள். அதற்குப் பிறகு அதில் கிழங்கின் ருசி எங்கே இருக்கும்? உப்பு கிடையாது. தக்காளி, வாழைப்பழம் கண்ணில் காட்டக்கூடாது. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பாட்டில், அதில் பேனாவால் கோடு. வெயில் காலத்தில் அந்தக் கோட்டுக்குள் ஒரு வாலிபனை நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவன் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, கரையாமல் இருக்கப் பேச்சை நிறுத்துவான். அவன் பேச்சை நிறுத்துகிற சமயம் அது ஒன்றுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை, அவள் கொடுக்கமுடியாது. பெரியவள் முதல் ஆளாகப் போய்ப் படுத்தாள். ஸ்கேனில், பிறவியிலேயே அவளுக்கு ஒரு பக்கம் சுருங்கிப்போய் நெல்லிக்காய் அளவில் இருப்பது தெரிந்தது. மிச்சம் சின்னவள். இரண்டு தெரு தள்ளி, பஸ் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு, ஐந்து வயசுப் பெண் குழந்தையோடு இருந்தாள். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. ரத்த வகை தம்பியோடு அச்சாகப் பொருந்தியது. அன்றைக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்ததே கூத்து.

"டேய், என் கிட்னி உனக்கு வந்தா நீயும் என்ன மாதிரி சும்மா சும்மா அழுவ, பாத்துக்க!"

"அழுதாப் பரவால்ல. உன் சமையல் கைவந்துட்டாதான் வம்பு" என்றான் அவன். அம்மா சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

சின்னவளின் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். புருஷன்காரன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ரகம். நோயாளி பெரியவளின் தம்பி என்பதால், அந்தக் குடும்பத்து ஃபைலைப் பெரியவள் பார்க்கக்கூடாது என்று மேடம் பூட்டிவிட்டார். சின்னவளிடம் ஐந்தாம் எண் அறையில் பேசியதும் மேடம்தான். பெரியவளுக்கு வேறு வழியில் அந்த ஃபைலைத் திறக்கத் தெரியும். பதிவேட்டு அறையில் இருந்தவர் கேட்டால் மறுக்கமாட்டார். அவள் கேட்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆறு வாரம் பரிசோதனை நடந்தது. ஏழாம் வாரம் கடிதம் வந்தது.

அம்மாதான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பெரியவள் வாங்கிப் படித்தாள். படிக்கவேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம். இரண்டு வரி தாண்டுவதற்குள், நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்து மேடத்தின் முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவது கண்ணில் தெரிந்தது.

"ஏண்டி, இத்தன டெஸ்ட் எடுத்துட்டு இப்ப ஒத்துவரலங்கிறானுங்க. என்ன ஒத்துவரலயாம்? நீ கேக்கக்கூடாதா?"

"கேட்டாச் சொல்லமாட்டாங்கம்மா."

"நீ அங்கதானடி வேல பாக்குற?"

"அதனாலதாம்மா சொல்லமாட்டாங்க."

சின்னவள் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை குளியலறையில் போய் வெகு நேரம் வெளியே வராமல் இருந்தாள். பெரியவளுக்குப் படித்த படிப்பெல்லாம் அப்போது கைகொடுத்தது. குற்ற உணர்ச்சி, தவிர்த்தல், இன்னும் என்னென்னவோ. எல்லாமே கணக்காகப் பொருந்தி வந்தது. மேடத்திடம் ஒருநாள் நோட்டில் கையெழுத்து வாங்கும்போது சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தாள். மேடம் பேனாவை மூடினார். "கடிதத்துல என்ன இருக்கோ அதுதான்" என்றார். வேறு எப்படிச் சொல்வார்? பெரியவள் அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவள் திரைச்சீலைக் கடைக்குப் போனாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சின்னவள் நீள மேஜையில் சாம்பல் நிறத் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கத் துணி உருளைகள். ஈரத்துணி வாசனை. பெரியவள் மேஜையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுத்துப் பிடி, அக்கா. நெளிஞ்சா கோணிக்கும்" என்றாள் சின்னவள்.

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசு. உன் வேலையே அதுதான."

"அந்த லெட்டர நான் நிறைய எழுதியிருக்கேன்டி. அது எப்படிப்பட்ட லெட்டர்னு எனக்குத் தெரியும்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சட்டென்று வெளுத்தது. "என்ன தெரியும்?"

"நீ எதையும் விளக்கவேண்டாம். அந்த ரூம்ல உக்காந்து வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும். உனக்குக் குழந்த இருக்கு. மாமியார் இருக்காங்க. நான் உன்னத் தப்பா நினைக்கல. என் முன்னால நீ நடிக்கவேண்டாம், அவ்வளவுதான். ஒரு ஆளாவது இருக்கணும் இல்ல, நடிக்கவேண்டாதபடி?"

இப்படிப் பேசத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குரல் பதமாக வந்தது. எதிராளி அழ இடம் கொடுத்துக் காத்திருந்தாள். சின்னவள் அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் மேல் கொஞ்ச தூரம் வெட்டினாள். நிறுத்தினாள்.

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நினைக்கிறியா?"

"நினைக்கல. தெரியும்."

"ஓ."

மறுபடி வெட்டினாள்.

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"சத்தியமா இல்ல. சொல்லவும் மாட்டேன்."

"தம்பிகிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல."

சின்னவள் துணியின் இரண்டு பாதியையும் பிரித்து, ஒன்றை மடித்து வைத்தாள். மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே, "சரி. அப்படியே வெச்சுக்க. ஆமா, நான்தான் மாட்டேன்னேன்" என்றாள்.

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாரம் இறக்கிவிட்டோம் என்று நினைத்தாள். கடையைவிட்டு இறங்கித் தெரு முனை வருவதற்குள் அந்த நினைப்பு புளித்துப்போயிற்று. பெயின்டரின் பயம் பாவம் இல்லை என்று சொன்ன வாய்க்கு, தன் தங்கையின் பயத்தை அப்படிச் சொல்ல வரவில்லை. 'மடிச்சு வெச்சுட்டு ஆமாங்கிறா, கல்நெஞ்சுக்காரி' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். ஊரார் வீட்டுக்கு உபதேசம் பண்ணுவது வேறு, சொந்த வீட்டில் ஒருத்தன் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடப்பது வேறு. அன்றிலிருந்து அவள் தங்கைக்கு ஃபோன் பண்ணுவதை நிறுத்தினாள். வந்தால் முகம் கொடுத்துப் பேசுவாள், அது ஐந்தாம் எண் அறைப் பேச்சு. சின்னவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?

கோடை வந்தது. தம்பியின் கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். ஃபோன் வேலையும் நின்றது. கால் வீங்கி, செருப்பு நுழையாமல், சன்னலோரம் சாய்ந்து எதிர்க் கட்டடத்து லிஃப்ட் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். "பெல்ட் போச்சு. எவனும் பாக்கமாட்டேங்கிறான்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா குளிக்கப் போயிருந்த நேரம், பெரியவளைக் கூப்பிட்டான்.

"பெரியக்கா, ஒண்ணு கேப்பேன். டாக்டர் மாதிரி பேசாம அக்கா மாதிரி சொல்லணும்."

"கேளு."

"சின்னக்காவுக்கு ஏன் ஒத்துவரல?"

"தெரியாதுடா."

"எனக்கு ஒரு பயம். எனக்கு வந்த வியாதி அதுக்கும் இருக்குமோ? டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கும், அதான் வேண்டாம்னு அனுப்பிட்டாங்களோன்னு. மூணு மாசமா இதே நினைப்பு. இந்தக் கட்டில்ல அது வந்து படுத்துக்கிற மாதிரி கனா வருது. அந்தக் குட்டிப் பொண்ணு கதவுகிட்ட நிக்குது."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. உடம்பில் சொட்டுத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறவன். பெரியவளுக்குத் தாங்கவில்லை. அவன் இத்தனை தவிப்பதும் யாருக்காக? மாட்டேன் என்றவளுக்காக. பரிதாபமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. அவ உடம்பு கல்லு மாதிரி இருக்கு. அவளுக்கு இஷ்டமில்ல, மாட்டேன்னுட்டா. அவ்வளவுதான் விஷயம். நீ போட்டுக் குழப்பிக்காத."

தம்பி வெகு நேரம் பேசவில்லை. வாயில் ஐஸ் கட்டியும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவளே சொன்னா."

"ஓகோ" என்றான். கொஞ்சம் கழித்து, "அப்ப வியாதி இல்ல. நல்லது" என்றான். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு அம்மா கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை.

மூன்று வாரத்தில் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியது. குளிர் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தான். ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, இரண்டு அக்காவும் அம்மாவும் பக்கத்தில் இருக்க, போய்விட்டான். அவனோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் எட்டுப் பேர் கிரீஸ் சட்டையோடு அப்படியே வந்து வராந்தாவில் நின்றார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அம்மா பெருங்குரலெடுத்து அழுதாள்.

பெரியவள் பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பினாள். நோட்டில் மணிக்கணக்கு பாக்கி இருந்தது. மேடம் அவளைக் கொடையாளிகள் அறையிலிருந்து மாற்றி வேறு வேலை கொடுத்தார். புதிதாகச் சிறுநீரக நோய் என்று தெரிந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை ஒரு வகுப்பு. என்ன சாப்பிடலாம், மனசை எப்படி வைத்துக்கொள்ளலாம், வீட்டில் எப்படிச் சொல்லலாம். நான்காவது மாதம், காலை பத்து மணிக்கு, அவள் வகுப்பறைக் கதவைத் தள்ளியபோது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில், சுவரோரம், மடியில் கோடு போட்ட நோட்டோடு சின்னவள்.

யாருக்கோ துணைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். பக்கத்து நாற்காலிகள் காலி. மேஜையில் கிடந்த பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசைக்குப் போனாள்.

"இது உன் க்ளாஸ்னு தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா வந்திருக்கமாட்டேன்" என்றாள் சின்னவள், மெதுவாக.

"எப்ப இருந்துடி?"

"அந்த டெஸ்ட்லயே தெரிஞ்சுபோச்சு. சிறுநீர்ல புரதம் போகுது, தம்பிக்கு ஆரம்பிச்ச மாதிரியேன்னாங்க. வீட்ல யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்தப் பெரிய டாக்டரம்மா கால்ல விழாத குறை."

"கடைல நான் கேட்டப்ப..."

"நீ கேக்கலக்கா. நீயே சொல்லிட்ட. எனக்கும் அது தோதா இருந்துச்சு. மாட்டேன்னுட்டான்னு நினைச்சா என்மேல கோவம்தான் வரும். வியாதின்னு தெரிஞ்சா அம்மா உருளைக்கிழங்க ரெண்டு பானைல வேகவெக்க ஆரம்பிச்சிடுவா. தம்பி தாங்கமாட்டான். என்னைத் திட்டிக்கிட்டாவது நிம்மதியா இருக்கட்டும்னு நினைச்சேன்."

முன் வரிசையில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். சின்னவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"கடைசி நாள் நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. நான் அவன் கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். 'பெரியக்கா சொல்லிடுச்சு, சின்னக்கா. பரவால்ல. எனக்குக் கோவம் இல்ல'ன்னான். பரவால்லன்னு சொல்லிட்டு, கைய உருவிக்கிட்டான்."

பெரியவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவாவது சொல்லியிருக்கக்கூடாதாடி? அப்பவாவது?"

"எப்படிச் சொல்றது? போற நேரத்துல அவனுக்கு அதையும் குடுத்து அனுப்பணுமா? சரிடான்னேன். தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னான்."

அவள் அழவில்லை. கடையில் துணியை நீவியது போல நோட்டின் பக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். என்னை அடி, திட்டு, ஏதாவது செய் என்று பெரியவளுக்குக் கதறவேண்டும்போல் இருந்தது. பத்துப் பேர் இருக்கிற அறை. கழுத்தில் அட்டை.

"அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. இதையாவது உன்னோட வெச்சுக்கக்கா" என்றாள் சின்னவள். "போ. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

பெரியவள் முன்னால் போய் நின்றாள். திரையில் முதல் படம் வந்து நின்றது. பேச வேண்டியது எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். முன் வரிசைப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டாக்டர்" என்று சின்னவள் கூப்பிட்டாள். "இந்த வியாதி வந்தவங்க எத்தன வருஷம் இருப்பாங்க?"

எல்லோரும் கேட்கத் தயங்கிய கேள்வி அது. அத்தனை முகங்களும் பெரியவள் பக்கம் திரும்பின.

"ஆளுக்கு ஆள் மாறும்" என்றாள் அவள்.

எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். சின்னவளும் குனிந்து எழுதிக்கொண்டாள்.